ஜனவரியில் பார்த்து மயங்காதீர்கள்: ஓய்வுக்காலத்துக்கு வேலூர்ப் பக்கம் இடம் தேடுகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் ஊரைக் கிண்டல் செய்ய ஒரு பழைய பேச்சு உண்டு. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. இதில் சாமி மட்டும் 1981இல் கோட்டைக்குத் திரும்பி வந்துவிட்டார். ஜலகண்டேஸ்வரர் கோயிலில் இப்போது தினமும் கூட்டம். மற்ற மூன்றும் அப்படியேதான் இருக்கின்றன. ராஜா இல்லாததால் ஓய்வுக்கு வருகிறவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. மீதி இருப்பது தண்ணீரும் மரமும். இந்த வழிகாட்டியின் முதல் இரண்டு படிகளும் அவை இல்லாததைப் பற்றித்தான்: மரமில்லாத சூடு, தண்ணீர்க் கணக்கு.

என் அக்காவும் மாமாவும் 28 வருடம் டொராண்டோ பக்கம் இருந்தவர்கள். பனியை வாரி வாரி மாமாவின் முதுகு தேய்ந்துவிட்டது. "போதும், வெயில் இருக்கிற ஊருக்குப் போயிடலாம்" என்று முடிவெடுத்தார்கள். இருவரிடமும் கனடா பாஸ்போர்ட். சட்டத்தின் கணக்கில் பார்த்தால் பிறந்த ஊரே அவர்களுக்கு வெளிநாடு. ஒரு ஜனவரியில் மூன்று வாரம் வந்தார்கள். காலையில் மெல்லிய பனி, பத்து மணிக்கு இதமான வெயில், சாயங்காலம் காட்பாடியில் நடை. நான்காவது நாளே ஊருக்கு வெளியே ஒரு மனைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள். மே மாதம் பத்திரம் முடிக்க வந்தபோதுதான் வேலூருக்கு ஏன் வெயிலூர் என்று இன்னொரு பெயர் என்பது விளங்கியது.

அவர்கள் தப்பிலிருந்து நான் கற்றது ஒன்றுதான்: ஊரைத் தேர்ந்தெடுக்காதீர்கள், தெருவைத் தேர்ந்தெடுங்கள். வேலூர் மாவட்டம் சூடு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் சூட்டிலும் தண்ணீரிலும் ஆஸ்பத்திரிக்குப் போகும் நேரத்திலும் எவ்வளவு வித்தியாசம் என்பது அங்கே நின்று பார்த்தால்தான் தெரியும்.

படி 1: கத்திரியில் வந்து பாருங்கள்

விமான டிக்கெட்டை டிசம்பருக்குப் போடாதீர்கள். மே முதல் வாரத்துக்குப் போடுங்கள். அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி மாதக் கடைசி வரை போகும். அந்த நாட்களில் இங்கே 40 டிகிரியைத் தாண்டுவது செய்தியே அல்ல. தாண்டாவிட்டால்தான் டீக்கடையில் பேசிக்கொள்வார்கள்.

சென்னைக்காரர்கள் "எங்க ஊரும் சூடுதானே" என்பார்கள். அங்கே மதியத்துக்கு மேல் கடல் காற்று வந்து தணித்துவிடும். 130 கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கும் நமக்கு அந்தக் காற்று எப்போதாவது வந்தாலும் இருட்டிய பிறகுதான் வரும். ஒரே ஆறுதல், இது வறண்ட சூடு. சென்னையைப் போல வேர்வை உடம்போடு ஒட்டிக்கொண்டு நிற்காது. ஆனால் அதிலேயே ஒரு ஆபத்தும் இருக்கிறது: வேர்வை உடனே காய்ந்துவிடுவதால் உடம்பில் எவ்வளவு தண்ணீர் போயிற்று என்றே தெரியாது.

அடுத்தது பாறை. நகரத்தைச் சுற்றி நிற்பவை மொட்டைக் கருங்கல் மலைகள். பகலெல்லாம் குடித்த வெயிலை இரவில்தான் திருப்பித் தரும். மலையடிவாரத் தெரு பார்க்க அழகாக இருக்கும். மே மாத இரவு பதினொன்றுக்கும் வாசலில் உட்கார முடியாது. எனவே வீடு பார்க்கப் போகும்போது இரண்டு தடவை போங்கள். மதியம் மூன்று மணிக்கு ஒரு தடவை, தெருவில் நிழல் எங்கே விழுகிறது என்று பார்க்க. இரவு பத்து மணிக்கு இன்னொரு தடவை, படுக்கையறையின் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்க்க. சுவர் அப்போதும் வெதுவெதுப்பாக இருந்தால் அந்த அறையில் விடிய விடிய ஏசி ஓடியாக வேண்டும். கரன்ட் பில்லைப் பார்க்கும்போது என்னை நினைத்துக்கொள்வீர்கள்.

அடுக்குமாடியில் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீடு வேண்டவே வேண்டாம். வாடகை ஆயிரம் இரண்டாயிரம் குறைவாகச் சொல்வார்கள். அதற்குக் காரணம் உண்டு. தனி வீடாக இருந்தால் மாடியில் வெள்ளைப் பூச்சோ வெப்பம் தாங்கும் ஓடோ பதித்திருக்கிறார்களா, தண்ணீர்த் தொட்டி வெயிலில் கிடக்கிறதா, கூரைக்கு அடியில் இருக்கிறதா என்று பாருங்கள். மே மாதம் மதியம் ஒரு மணிக்குக் குழாயைத் திறந்தால் வருவது வெந்நீர். ஹீட்டருக்குச் செலவு மிச்சம் என்று மாமா சிரித்தார், முதல் வாரம் மட்டும்.

இன்வெர்ட்டர் பற்றி ஒரு வார்த்தை. சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் விசிறியையும் விளக்கையும் தாங்கும், ஏசியைத் தாங்காது. மின்சாரப் பராமரிப்பு நாள் என்று காலை ஒன்பதிலிருந்து மாலை வரை நிறுத்துவது மே மாதத்திலும் நடக்கும். அன்றைக்கு வயதானவர் எங்கே உட்காருவார் என்பதை வீடு பார்க்கும்போதே யோசியுங்கள்.

இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், முக்கியமாக நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள், கிளம்பும் முன்பே மருத்துவரிடம் "40 டிகிரி ஊருக்குப் போகிறேன்" என்று சொல்லி அளவைக் கேட்டு வாருங்கள். குளிர் நாட்டு உடம்பு இந்தச் சூட்டுக்குப் பழக இரண்டு வாரமாவது ஆகும். வந்த மறுநாளே ஊர் ஊராக மனை பார்க்கக் கிளம்பாதீர்கள்.

படி 2: தண்ணீர்க் கணக்கு

பாலாறு வருடத்தில் பெரும்பகுதி மணல்தான். அந்த மணலுக்கு அடியில் ஓடும் ஊற்றைத்தான் காலகாலமாகக் கிணறு போட்டு எடுத்து வந்தோம். இப்போது காவிரிக் கூட்டுக் குடிநீரும் வருகிறது. ஆனால் "கார்ப்பரேஷன் தண்ணி வருதா?" என்று தரகரிடம் கேட்டால் "ஜோரா வருது சார்" என்பார். பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். மூன்று கேள்வி போதும்: எத்தனை நாளுக்கு ஒருமுறை விடுகிறார்கள், எத்தனை மணி நேரம், போன மே மாதம் எத்தனை லாரி வாங்கினீர்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் அந்தத் தெருவின் ஜாதகம்.

அப்புறம் போர்வெல். எத்தனை அடி என்பதைவிட எப்போது போட்டது, அதற்கு முன் போட்டு எத்தனை வீணாயிற்று என்று கேளுங்கள். எங்கள் தரையடியில் பாறை. பத்தடி தள்ளிப் போட்டால் தண்ணீர் வரும், இங்கே போட்டால் வெறும் புழுதி வரும்.

தரத்துக்கு வருவோம். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் கையடக்க டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒன்று வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்திய தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த மீட்டர் உப்பு எவ்வளவு என்று மட்டும் சொல்லும். என்ன உப்பு என்று சொல்லாது. நம் பக்கத்தில் இது பெரிய விஷயம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எல்லாம் தோல் பதனிடும் ஊர்கள். 1996இல் உச்ச நீதிமன்றம் இந்தத் தோல் கழிவைப் பற்றித் தந்த தீர்ப்பு நாடு முழுக்கச் சுற்றுச்சூழல் வழக்குகளில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. வழக்குப் போட்டது வேலூர் குடிமக்கள் நல மன்றம். ராணிப்பேட்டையில் 1990களில் மூடிப்போன ஒரு குரோமிய ஆலையின் கழிவு மலைபோலக் குவிந்து கிடந்தது ஊரறிந்த கதை. ஆகவே தோல் ஊர்களின் பக்கம் வீடு பார்த்தால் போர்த் தண்ணீரை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, குரோமியம் பார்க்கச் சொல்லித் தனியாகக் கேளுங்கள். கேட்காவிட்டால் வழக்கமான பரிசோதனையோடு நிறுத்திவிடுவார்கள்.

தண்ணீர் இல்லாத ஆறு என்று அலட்சியமாக ஆற்றங்கரையில் வாங்குகிறவர்களும் உண்டு. 2021 நவம்பரில் பாலாறும் பொன்னையாறும் குடியாத்தத்தில் கவுண்டன்ய ஆறும் இரு கரையும் புரண்டு ஓடின. ஆறு தன் இடத்தை மறப்பதில்லை. ஏரியும் அப்படித்தான். வட ஆற்காடு ஏரிகளின் நாடு. பாதி நகர்கள் ஏதோ ஒரு ஏரிக்கு உள்ளேயோ அதன் கால்வாய் மேலேயோ நிற்கின்றன. மே மாதம் வீடு பார்த்தவர்கள் ஐப்பசி மழையில் ஒருநாள் வந்து அதே தெருவில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்றும் பார்த்துவிடுங்கள். வர முடியாவிட்டால் யாரையாவது போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

படி 3: ஆஸ்பத்திரியை வைத்து வட்டம் போடுங்கள்

ஓய்வுக்கு வருகிறவர்கள் வேலூரை நினைக்க முதல் காரணமே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அதாவது சி.எம்.சி.தான். 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியது, இன்று வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ரயில் ரயிலாக ஆட்கள் வருகிறார்கள். எதிர்த்தாற்போல் உள்ள தெருக்களில் தமிழைவிட வங்காளம்தான் அதிகம் காதில் விழும்.

சரி, அப்படியானால் சி.எம்.சி. வாசலிலேயே வீடு எடுத்துவிடலாமே? வேண்டாம் என்பது என் கருத்து. அந்தச் சுற்றுவட்டாரம் லாட்ஜும் மருந்துக்கடையும் ஆட்டோவும்தான். காலை ஏழு மணிக்குக்கூட நடைபாதையில் கால் வைக்க இடமிருக்காது. மாதத்துக்கு ஒருமுறை போகிற இடத்துக்காகத் தினமும் அந்த நெரிசலில் வாழ வேண்டுமா? இருபது நிமிடத் தூரம் சரியானது. அந்த இருபது நிமிடம் மாலை ஆறு மணிக்கும் இருபது நிமிடமாகவே இருக்கிறதா என்பதைத்தான் சோதிக்க வேண்டும்.

சோதனை எளிது. பார்த்து வைத்த வீட்டு வாசலில் வாரநாள் மாலை ஆறு மணிக்கு நின்று ஆட்டோ பிடியுங்கள். ஆட்டோ வர எவ்வளவு நேரம், அவசரப் பிரிவு வாசலில் இறங்க எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். இரவு ஒரு மணிக்கும் ஒருமுறை செய்யச் சொல்வேன்; யாரும் செய்வதில்லை, என் அக்கா உட்பட. குறைந்தபட்சம் அந்தத் தெருவுக்குள் 108 வண்டி திரும்ப முடியுமா என்றாவது பாருங்கள்.

இன்னொன்று கவனியுங்கள். சி.எம்.சி. இப்போது ஒரே இடத்தில் இல்லை. நகர வளாகம், பாகாயத்தில் கல்லூரி வளாகம், 2022 முதல் ராணிப்பேட்டைப் பக்கம் தேசிய நெடுஞ்சாலையில் பெரிய புதிய வளாகம் என்று பிரிந்திருக்கிறது. உங்களுக்கு இதயமா, சிறுநீரகமா, மூட்டா என்று பார்த்து, அந்தப் பிரிவு எந்த வளாகத்தில் இருக்கிறது என்று விசாரித்த பிறகு வட்டம் போடுங்கள். அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருப்பதையும், ஸ்ரீபுரம் பக்கம் நாராயணி மருத்துவமனை இருப்பதையும் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

படி 4: காரை மறந்துவிட்டு யோசியுங்கள்

65 வயதில் வருகிறவர் கார் ஓட்டுவார். 78இல் ஓட்டுவாரா? நீங்கள் வீடு பார்ப்பது 65 வயதுக்கு; குடியிருக்கப்போவது 80 வரைக்கும். எனவே தெருமுனையிலிருந்து கால்நடையாகப் போகிற தூரத்தில் பால், காய்கறி, மருந்துக்கடை, டவுன் பஸ் நிற்கும் இடம், பேச்சுக்கு இரண்டு மனிதர்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள். கடைசியில் சொன்னதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. நகருக்கு வெளியே புதிதாகப் போட்ட மனைப்பிரிவில் பத்து வீட்டில் எட்டு பூட்டிக் கிடக்கும். உரிமையாளர்கள் எல்லோரும் உங்களைப் போலவே வெளிநாட்டில். அங்கே இரவு நாய் குரைத்தால் எழுந்து பார்க்க ஆள் கிடையாது.

பிள்ளைகள் வந்துபோகும் வழியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னை விமான நிலையம் நகரத்துக்கு நம் பக்கத்திலேயே இருக்கிறது; ஊருக்குள் போகாமலே மீனம்பாக்கத்திலிருந்து நேராக வந்துவிடலாம். பெங்களூரு விமான நிலையமோ அந்த நகரத்துக்கு வடக்கே, அந்தக் கடைசியில். நெரிசலில் அதைக் கடக்கவே ஒரு பொழுது போய்விடும். ரயிலுக்குக் காட்பாடி சந்திப்பு. சென்னை, பெங்களூரு, திருப்பதி, கேரளம் என்று எல்லாப் பக்கமும் வண்டி உண்டு.

படி 5: பகுதி பகுதியாக ஒரு சுற்று

காந்தி நகர், காட்பாடி. ஓய்வு பெற்றவர்கள் அதிகம் உள்ள இடம். நேர்த் தெருக்கள், நிஜமான மரங்கள், காலையில் நடக்க ஆள் துணை, ரயில் நிலையம் பக்கம். சி.எம்.சி.க்குப் பாலாற்றுப் பாலத்தைக் கடந்தால் ஐந்தாறு கிலோமீட்டர்தான். குறை இரண்டு. விலை, மனை விலையைக் கேட்டால் டொராண்டோ ஞாபகம் வரும். இன்னொன்று பாலம். இந்தப் பக்கம் வாழ்க்கையே பாலங்களை நம்பி இருக்கிறது. 2022இல் காட்பாடி ரயில்வே மேம்பாலத்தைச் சரிசெய்ய மூடியபோது ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அதனால் தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம் என்று பார்த்து வாங்குங்கள். சுற்றியுள்ள பிரம்மபுரம், சேனூர் போன்ற ஊர்களில் விலை இறங்கும், மரமும் இறங்கும். வி.ஐ.டி.க்குப் பக்கத்துத் தெருக்கள் மாணவர்களுக்கானவை. இரவு இரண்டு மணிக்குப் பைக் சத்தம் பிடிக்கும் என்றால் போகலாம்.

சத்துவாச்சாரி. கலெக்டர் அலுவலகம் இங்கேதான். வீட்டு வசதி வாரியம் போட்ட பகுதிகளை ஃபேஸ் ஒன்று, ஃபேஸ் இரண்டு என்றே சொல்வார்கள். கடை கண்ணி, மருத்துவர், வங்கி எல்லாம் நடை தூரம். நெடுஞ்சாலைதான் பிரச்சினை. சென்னை–பெங்களூரு சாலை ஊரை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. வயதானவர் அந்தச் சாலையைக் கடந்துதான் மருந்து வாங்க வேண்டும் என்றால் அந்த வீடு வேண்டாம். வீடும் கடையும் சாலைக்கு ஒரே பக்கத்தில் இருந்தால் இதைவிட வசதியான இடம் வேலூரில் குறைவு. மலையை ஒட்டிய தெருக்களுக்கு இரவு பத்து மணிச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள்.

பாகாயம், ஓட்டேரி, தொரப்பாடி. எனக்குப் பிடித்த பக்கம் இது. ஆகவே நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து கேளுங்கள். கல்லூரி வளாகத்தின் மரங்களால் காற்றே வேறாக இருக்கும். பழைய பேராசிரியர்கள், நர்ஸ் அம்மாக்கள் என்று ஓய்வு பெற்றவர்கள் அதிகம், பேச்சுத்துணைக்குப் பஞ்சமில்லை. அடுக்கம்பாறை பக்கம். ரயிலுக்குத்தான் தூரம், காட்பாடிக்குப் போக நகரத்தைக் குறுக்கே கடக்க வேண்டும். ஸ்ரீபுரம் பொற்கோயில் 2007இல் வந்த பிறகு அந்தச் சாலையில் மனை விலையும் சுற்றுலாப் பேருந்தும் ஒன்றாக ஏறின.

பழைய டவுன், அதாவது வேலப்பாடி, கொசப்பேட்டை, சைதாப்பேட்டை. பிறந்து வளர்ந்தவர்களுக்கு மட்டும். தெருவில் எல்லோரும் உறவு. எதுவும் கால்நடை தூரம். ஆனால் சந்துக்குள் ஆம்புலன்ஸ் வராது.

ராணிப்பேட்டை, வாலாஜா, ஆற்காடு. 2019இல் தனி மாவட்டமான பிறகு அலுவலகங்கள் வந்துவிட்டன, புதிய சி.எம்.சி. வளாகமும் இந்தப் பக்கம்தான். சென்னைக்கு வேலூரைவிட நெருக்கம், விலையும் குறைவு. தண்ணீர் சோதனைச் சீட்டைக் கையில் வாங்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வாலாஜாவை நான் கொஞ்சம் மேலே வைப்பேன். தொழிற்பேட்டைக்குத் தள்ளி, பழைய வணிக ஊரின் அமைதியோடு இருக்கிறது.

ஏலகிரி. எல்லோரும் கேட்கிற கேள்வி. 1,100 மீட்டர் உயரம், 14 கொண்டை ஊசி வளைவு, மே மாதத்திலும் இரவில் போர்வை வேண்டும். அதெல்லாம் சரி. இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் அந்தப் பதினான்கு வளைவையும் இருட்டில் இறங்க வேண்டும். மே மாதம் முழுக்க அங்கே அறை எடுத்துத் தங்குங்கள். வீடு கீழே இருக்கட்டும்.

திருவண்ணாமலை. 1989 வரை இதுவும் வட ஆற்காடுதான். ரமணாசிரமத்துக்காக வந்து தங்கிவிட்ட வெளிநாட்டுக்காரர்கள் அந்தப் பக்கம் ஏராளம், அதனால் வெளியூர் வயதானவர் தனியாக வாழப் பழகிய ஊர். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கில் ஜனம். பாதைமேல் வீடு எடுத்தால் அன்று இரவு வண்டியை வெளியே எடுக்க முடியாது, உள்தெருவில் எடுங்கள். பெரிய வைத்தியம் என்றால் வேலூருக்கோ சென்னைக்கோதான் வர வேண்டும்.

ஆம்பூரும் குடியாத்தமும் சொந்தபந்தம் இருப்பவர்களுக்கு நல்ல ஊர்கள். இல்லாதவர்கள் பிரியாணிக்கு மட்டும் போய் வரலாம்.

படி 6: பத்திரம் தொடும் முன்

வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கி ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) வைத்திருப்பவர்கள் வீடு வாங்கலாம், மனை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும், அங்கே வசிக்கும் வரை, இதே விதிதான். இது தெரியாமல் ஒடுகத்தூர்ப் பக்கம் "மாந்தோப்போடு பண்ணை வீடு" என்று விளம்பரம் பார்த்து ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். விற்பவர் "அதெல்லாம் யாரும் பார்க்க மாட்டாங்க சார்" என்பார். பின்னால் நீங்கள் விற்கப் போகும்போது பார்ப்பார்கள்.

மனை என்றால் நகர் ஊரமைப்பு இயக்கக அங்கீகாரம் வேண்டும். 2016 அக்டோபர் 20க்கு முன் மனையாகப் பதிவான அங்கீகாரமற்ற மனைகளுக்கு வரன்முறைப்படுத்தும் வழி உண்டு. அந்தச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். புதிய மனைப்பிரிவுக்கு ரெரா எண், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் கேளுங்கள். வில்லங்கச் சான்றை 30 வருடத்துக்குப் போட்டுப் பாருங்கள். பட்டா யார் பெயரில், அது நத்தமா (குடியிருப்பு நிலம்), புஞ்சையா (விவசாய நிலம்), பக்கத்துப் புல எண் ஏரிப் புறம்போக்கா என்று புலப்படத்தோடு ஒப்பிடுங்கள். மாமா அட்வான்ஸ் கொடுத்த மனையின் பின்வேலிக்கு அடுத்த எண், வரைபடத்தில் ஓடை. அரசின் வழிகாட்டி மதிப்பு, பத்திரத்தில் எழுதும் விலை இரண்டில் எது அதிகமோ அதில் முத்திரை, பதிவு எல்லாம் சேர்த்து 9 சதவீதம் ஆகும். பட்ஜெட்டில் அதை மறக்காதீர்கள்.

வாங்கிய கையோடு பிள்ளைகள் பெயருக்கு செட்டில்மென்ட் எழுத அவசரப்படாதீர்கள். எழுதியே ஆக வேண்டுமென்றால், எங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். 2007ஆம் வருட மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23வது பிரிவில் அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.

படி 7: பென்ஷன் எப்படி வரும்

இது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டன் அரசு பென்ஷன் இந்தியாவில் இருப்பவர்களுக்கு வருடாவருடம் ஏறாது. இங்கே வந்தபோது வாங்கிய தொகையிலேயே உறைந்து நிற்கும். பத்து வருடம் கழித்து அந்தப் பணத்தின் மதிப்பு என்ன என்று கணக்குப் போட்டு வாடகையை முடிவு செய்யுங்கள். கனடாவின் முதியோர் பென்ஷன், 18 வயதுக்குப் பிறகு 20 வருடம் அங்கே இருந்தவர்களுக்கு இங்கேயும் வரும். வருமானம் குறைந்தவர்களுக்குத் தரும் கூடுதல் தொகையோ ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் நின்றுவிடும். அமெரிக்காவின் மெடிகேர் இங்கே வைத்தியச் செலவைத் தராது.

அதனால் இந்திய மருத்துவக் காப்பீடு வந்த உடனே எடுங்கள். 65 வயது வரம்பு 2024இல் எடுக்கப்பட்டுவிட்டது, ஆனால் ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்வார்கள். அந்த மூன்று வருடச் செலவைக் கையில் வைத்திருங்கள். வருமான வரியில், திரும்பி வந்தவர்களுக்கு முதல் இரண்டு மூன்று வருடம் வெளிநாட்டு வருமானத்துக்குச் சலுகை தரும் இடைநிலைத் தகுதி உண்டு. எந்த மாதம் விமானம் ஏறுகிறீர்கள் என்பதைப் பொறுத்துக்கூட அது மாறும். டிக்கெட் போடும் முன் ஒரு ஆடிட்டரைப் பாருங்கள்.

படி 8: ஒரு வருடம் வாடகை

இத்தனை பார்த்த பிறகும் வாங்காதீர்கள். பதினோரு மாத ஒப்பந்தம் போட்டு, வாங்க நினைக்கும் அதே தெருவில், முடிந்தால் பக்கத்து வீட்டிலேயே வாடகைக்கு இருங்கள். ஒரு கத்திரி, ஒரு ஐப்பசி மழை, ஒரு மின்வெட்டு நாள், ஒரு காய்ச்சல் — நான்கும் அங்கே கழிய வேண்டும். அட்வான்ஸ் எத்தனை மாதம், போர் மோட்டார் எரிந்தால் யார் செலவு, லாரித் தண்ணீருக்கு யார் பணம் என்று மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது மே மாதத்தில் நினைவிருக்காது.

அக்காவும் மாமாவும் இப்போது பாகாயம் பக்கம் கீழ்த்தள வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். ஒப்பந்தத்தை இரண்டாம் முறை புதுப்பித்தாயிற்று. அட்வான்ஸ் கொடுத்த மனைக்காரர் பாதிப் பணத்தைத் திருப்பித் தந்தார். மீதிக்கு மாமா இன்னும் போன் செய்துகொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டுக் கீழ்த்தளம் விலைக்கு வருகிறதாம். போன வாரம் இரவு பத்து மணிக்கு இருவரும் போய் மேற்குச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்கள்.